தனி அர்ச்சனை

ஸ்பிரிங்வேல், மெல்போர்ன்
2 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்ஷரா,

இங்கே நான், மாமா, பாப்பா மூவரும் சுகம். ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியார் அத்தைக்கு மட்டும் முழங்கால் வலி. உன் உடம்பு எப்படி இருக்கிறது? உங்கள் பக்கம் வெயில் நாற்பத்திரண்டு என்று டிவியில் சொன்னார்கள். தலையில் துணி கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கு.

இந்தக் காலத்தில் அக்கா கடிதம் போடுகிறாளே என்று சிரிக்காதே. வாட்ஸ்அப்பில் நீ அனுப்புவதெல்லாம் வீட்டு ஐபேடிலும் வந்து நிற்கிறது. ஐபேட் இப்போது அத்தை கையில். ஹாஸ்டல் பாத்ரூமில் பக்கெட்டும் மாப்புமாக நின்று சிரித்தாயே, அந்தப் படத்தை அவர்தான் முதலில் பார்த்தார். "இது நம்ம அக்ஷராவா?" என்று கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். காலேஜில் ஏதோ மாறுவேடப் போட்டி என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆமாம், காலேஜ்தான். கோபப்படாமல் கேள். கோவில் பஜனைக் குழுவில் ராதா என்று ஒருத்தி இருக்கிறாள். எனக்குப் பெரிய உதவிகள் செய்தவள். "தங்கச்சி இங்க வந்திருக்காளாமே, என்ன பண்றா?" என்று அவள் கேட்டாள். நாக்கில் சனி, சிட்னியில் டேட்டா சயின்ஸ் மாஸ்டர்ஸ் என்று சொல்லிவிட்டேன். ஐந்து வருஷம் சோழிங்கநல்லூரில் நல்ல வேலை பார்த்தவள், குலுக்கலில் விழுந்த விசாவில் ஒரு வருஷம் மூட்டை தூக்கிக்கொண்டு ஊர் சுற்றுகிறாள், வழிச்செலவுக்குத் திராட்சை பறிக்கிறாள் என்று எப்படிச் சொல்வது? அத்தை தினமும் ராதாவோடுதான் நடக்கப் போகிறார். அத்தைக்குத் தெரிந்தால் ராதாவுக்குத் தெரியும். ராதாவுக்குத் தெரிந்தால் தென்கிழக்கு மெல்போர்ன் முழுக்கத் தெரியும்.

ஆகையால் கொஞ்ச நாள் கடிதம். பதிலை என் ஆபீஸ் முகவரிக்குப் போடு. அடுத்த ஊர் எது என்று முன்கூட்டியே சொன்னால் அந்த ஊர்த் தபால் நிலையத்துக்கு எழுதுகிறேன். உன் பெயருக்கு எடுத்து வைப்பார்கள்.

நேரத்துக்குச் சாப்பிடு. பணம் வேண்டுமென்றால் கேள்.

அன்புடன்,
அக்கா ஹரிப்பிரியா

*

மில்டூரா
17 பிப்ரவரி 2025

என் அருமை அக்காவுக்கு,

நான் கருவாடு மாதிரி காய்ந்து, கல் மாதிரி நலமாக இருக்கிறேன். நீ, மாமா, பாப்பா சௌக்கியமா? உன் மாமியார் முழங்காலுக்கு என் வணக்கத்தைச் சொல்.

ஆபீஸ் முகவரிக்குக் கடிதமா! கள்ளக்காதல் தோற்றது போ. படிக்காத படிப்புக்கு எத்தனை மார்க் வாங்கியிருக்கிறேன் என்பதையும் எழுதிவிடு, ராதா அக்கா நேரில் கேட்டால் உளறக்கூடாது இல்லையா?

சிட்னியில் செவன் ஹில்ஸ் குடோனில் மூன்று வாரம் பெட்டி ஒட்டினேன். பிறகு முதுகில் வீட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். பஸ், ரயில், ஒரு கிழவரின் ஆட்டு லாரி. ஆடுகளுக்குப் பக்கத்தில் பன்னிரண்டு மணி நேரம். நம் ஊர் ஏற்காடு மலையை எடுத்து வைத்தால் இந்தச் சமவெளியில் அது காணாமலே போய்விடும். ராத்திரிக்கு நிறுத்திய ஊரில் மொத்தம் நாற்பது பேர்தான். அதில் ஒரு பஞ்சாபிக் குடும்பம் பெட்ரோல் பங்க் வைத்திருக்கிறது. சப்பாத்தி கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்துவிட்டார்கள்.

இங்கே தோட்டக்காரர் வியட்நாம்காரர். வரிசையில் எனக்கு இடப்பக்கம் டோங்கா பெண்கள், பைபிள் பாட்டுப் பாடிக்கொண்டே பறிப்பார்கள். வலப்பக்கம் இத்தாலிக்காரன், பாட்டைக் கெடுத்துக்கொண்டே பறிப்பான். ஹாஸ்டலில் தினம் இரண்டு மணி நேரம் பாத்ரூம் கழுவினால் படுக்கை இலவசம். அதற்குத்தான் அந்தப் பக்கெட். பிளீச்சில் விரல் நுனி எல்லாம் தோல் உரிந்திருக்கிறது, ஆனால் என் பாத்ரூமில் தரையிலேயே சோறு போட்டுச் சாப்பிடலாம்.

அக்கா, எனக்கு இதில் வெட்கமில்லை. சோழிங்கநல்லூரில் ஏசி அறையில் உட்கார்ந்து, அழுதுகொண்டு ஸ்லைடு போட்டபோதுதான் வெட்கமாக இருந்தது. அம்மாவுக்கு எல்லாம் தெரியும். "அக்கா அங்க இருக்கா, எனக்குப் பயமில்ல" என்கிறாள் சேலத்திலிருந்து.

அறுவடை முடிந்ததும் சித்திரை ஒன்றாம் தேதிக்கு உன்னிடம் வருகிறேன். இரண்டு நாள் உன் வீட்டு மெத்தையில் படுத்து உருள வேண்டும்.

பாப்பாவுக்கு முத்தங்கள்.
உன் மாஸ்டர்ஸ் தங்கை,
அக்ஷரா

*

ஸ்பிரிங்வேல்
18 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்ஷரா,

நாங்கள் நலம். நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா என்றே தெரியவில்லை. போன் எடுக்க மாட்டேன் என்கிறாய். குயின்ஸ்லாந்தில் மண்டபெரா போகப் போவதாக முன்பு சொன்னதை வைத்து அந்தத் தபால் நிலையத்துக்கு எழுதுகிறேன்.

நீ வீட்டுக்கு வருவாய் என்று கட்டில் விரித்து வைத்திருந்தேன். சாவி தொட்டியடியில் இருக்கிறது, குளித்துவிட்டு, அலமாரியில் இருக்கும் பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு வா என்று சொல்லியிருந்தேன் அல்லவா? நீ பஸ்ஸை விட்டு இறங்கிய கோலத்தில் நேராகக் கேரம் டவுன்ஸ் கோவிலுக்கு வந்து நிற்பாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. புத்தாண்டுக் கூட்டம் வேறு. ராதா எனக்கு நேர் பின்னால். மாமாவும் பாப்பாவும் பார்க்கிங் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அர்ச்சகர் கேட்டபோது நான் சொன்னதை நீ தவறாக எடுத்துக்கொண்டாய் போலிருக்கிறது. கல்யாணமான பெண்ணுக்குக் கோத்திரம் வேறு. நான் இவர்கள் கோத்திரம், நீ அப்பா கோத்திரம். ஒரே தட்டில் ஒரே சங்கல்பமாகச் செய்ய முடியாது. அதைத்தான் சொன்னேன். சாஸ்திரப்படியும் அதுதான் சரி.

திரும்பிப் பார்த்தால் உன்னைக் காணவில்லை. சொல்லாமல் போவது நம் வீட்டு வழக்கமா? பதில் போடு.

அக்கா

*

மண்டபெரா, குயின்ஸ்லாந்து
8 மே 2025

அக்கா,

நலம். அங்கும் நலமென்று நம்புகிறேன்.

நீ கோத்திரத்தைப் பற்றி எழுதியிருந்தாய். ஆனால் அவர் கோத்திரம் கேட்கவில்லை. நீ மாமா பெயர், உன் பெயர், பாப்பா பெயர், மூன்று நட்சத்திரமும் சொன்னாய். தட்டை எடுத்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்தார். நான் உன் தோளை ஒட்டி நின்றுகொண்டிருந்தேன். "இவங்களும் உங்க ஃபேமிலியா?" என்றார். அதுதான் கேள்வி. நீ ராதா அக்காவை ஒரு முறை பார்த்தாய், என் மூட்டையை ஒரு முறை பார்த்தாய். "இல்ல, அவங்க தனி" என்றாய்.

"அப்ப கவுண்டர்ல தனியா ஒரு டிக்கெட் வாங்கிக்கோங்கம்மா" என்றார் அவர், பாவம், மரியாதையாகத்தான். நான் வரிசையை விட்டு விலகினேன். கவுண்டருக்கும் போனேன் அக்கா. போய்ப் பர்ஸைத் திறந்த பிறகுதான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது.

வாசலில் செருப்பைப் பார்த்துக்கொள்ளும் தொண்டர் ஒருவர், வரதராஜா அங்கிள், யாழ்ப்பாணக்காரர். நான் பூட்ஸ் கட்ட முடியாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "பிள்ளை, ஆரோட வந்தனீங்கள்?" என்று கேட்டார். யாரோடும் இல்லை என்றேன். "ஓம், அப்ப வாங்கோ, நான் ஸ்டேஷனில விட்டுட்டு வாறன்" என்று காரில் ஏற்றினார். வழியில் வேறு எதுவும் கேட்கவில்லை. அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும்.

மூன்று நாள் பஸ் பயணத்தில் இதைப் பற்றி நிறைய வசனம் யோசித்தேன். எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. இங்கே ஆரஞ்சு மாதிரி சின்னப் பழம், மாண்டரின் பறிக்கிறோம். ஏணி வேலை.

அக்ஷரா

*

ஸ்பிரிங்வேல்
20 மே 2025

அன்புள்ள அக்ஷரா,

உடம்பு எப்படி இருக்கிறது? அங்கே குளிர் தொடங்கியிருக்கும். போர்வை அனுப்பட்டுமா?

உன் கடிதத்தை ஆபீஸ் லிஃப்டில் படித்தேன், இறங்க வேண்டிய மாடியை விட்டுவிட்டேன். நீ எழுதியிருப்பது நடந்ததுதான். ஆனால் என் நிலைமையையும் யோசித்துப் பார். உன் பூட்ஸ் மண் படி முழுக்க உதிர்ந்திருந்தது. மூட்டையில் பாத்திரம் தொங்குகிறது. கை முழுக்கக் காய்ப்பும் உரிந்த தோலும். எல்லோரும் பார்க்கிறார்கள். மாஸ்டர்ஸ் படிக்கும் பெண் என்று அந்த நிமிஷத்தில் எந்த வாயால் சொல்வது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஒரு வார்த்தை தவறிவிட்டது. ஒரு வார்த்தைதானே? நீ சின்ன வயதில் பேசாததா?

அம்மாவுக்கு இது தெரிய வேண்டாம். அவளுக்குப் பிரஷர். அத்தை மார்ச்சிலேயே கோயம்புத்தூர் திரும்பிவிட்டார். அடுத்த முறை நேராக வீட்டுக்கு வா, யாருக்கும் பயமில்லாமல் தங்கலாம்.

அக்கா

*

ஸ்பிரிங்வேல்
30 ஜூன் 2025

அக்ஷரா,

நலமா என்று கேட்கக்கூட யோசனையாக இருக்கிறது. நான் எழுதி ஆறு வாரம் ஆகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போனும் எடுப்பதில்லை. அம்மாவிடம் மட்டும் "நெட்வொர்க் சரியில்லை" என்று மெசேஜ் போட்டிருக்கிறாய். அம்மா என்னைக் கேட்கிறாள். "தினமும் பேசுறேம்மா, நல்லா இருக்கா" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்னொரு பொய். எதற்கும் ஓர் அளவு வேண்டாமா? ரோஷம் இருக்கலாம், இத்தனை கல்நெஞ்சு ஆகாது. நாலு வரி எழுதிப் போடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

ஹரிப்பிரியா

*

மண்டபெரா
15 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள், மாமா, பாப்பா அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலம். வேலை அதிகமாக இருந்ததால் எழுத முடியவில்லை. மன்னிக்கவும். போர்வை இங்கே கிடைக்கிறது, அனுப்ப வேண்டாம். அடுத்த வாரம் இங்கிருந்து மேற்கே கிளம்புகிறேன். பிறகு டார்வின் தபால் நிலையத்துக்கு எழுதலாம்.

இப்படிக்கு,
அக்ஷரா

*

ஸ்பிரிங்வேல்
5 ஆகஸ்ட் 2025

என் தங்கமே அக்ஷரா,

எங்கள் சுகத்துக்கு ஒரு குறையும் இல்லை. உன் சுகத்தைப் பற்றித்தான் சந்தேகம். அது என்ன கையெழுத்து? கோழி கிளறினாற்போல. முத்து முத்தாக எழுதுகிறவள் நீ. அப்புறம் அந்த "நீங்கள்". அதைப் படித்த அன்று எனக்கு ஜுரமே வந்துவிட்டது. நம் அம்மா வயிற்றில் பிறந்து என்னை ஒருநாளும் நீங்கள் என்று சொன்னதில்லை. நான் உன்னைத் தனி என்றேன், நீ என்னை நீங்கள் என்று எழுதி அனுப்பிவிட்டாய்.

உன் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டேதான் ஆடிப்பூரத்துக்குக் கோவிலுக்குப் போனேன். வளையல் அடுக்கிக்கொண்டிருந்தோம். ராதா பக்கத்தில் உட்கார்ந்து, "தங்கச்சி படிப்பு எப்படிப் போகுது?" என்று கேட்டாள். வழக்கம்போல ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. "படிக்கல ராதா. பழம் பறிக்கிறா. பாத்ரூம் கழுவறா. புது வருஷத்தன்னிக்கு மூட்டையோட என் பக்கத்துல நின்னாளே, அவதான்" என்றேன்.

அவள் வளையலைக் கீழே வைக்கக்கூட இல்லை. "தெரியும் ஹரி" என்றாள். "அன்னிக்கே தெரியும். அதே மூக்கு, அதே நெத்தி. நீ தலையைச் சாய்ச்சு நிக்கறாப்பலயே அவளும் நின்னா. உன் தங்கச்சின்னு அந்தப் பக்கம் நின்ன எல்லாருக்குமே தெரிஞ்சுது. நீ இல்லேன்னதும் எங்களுக்கு எங்க பாக்கறதுன்னு தெரியல. அவ பின்னாலயே நான் போயிருக்கணும். நானும் போகலை."

அக்ஷரா, மூன்று மாதமாக நான் அவர்களோடு உட்கார்ந்து பஜனை பாடியிருக்கிறேன். அவர்களும் ஒரு வார்த்தை கேட்காமல் எனக்குத் தாளம் போட்டிருக்கிறார்கள். உன்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று பயந்தேன். உன்னை ஒருத்தரும் ஒன்றும் நினைக்கவில்லை. வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டு அதன் சத்தத்தில் அழுதேன். மாமாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் திட்டவில்லை, திட்டியிருக்கலாம்.

கோத்திரம் என்று எழுதினேனே, அதற்குத்தான் எனக்கு மிகவும் வெட்கம். கோவிலில் சொன்னது அரை நிமிஷ பயம். அந்தக் கடிதத்தை நான் நிதானமாக உட்கார்ந்து யோசித்து எழுதினேன்.

இனி ஆபீஸ் முகவரி வேண்டாம், வீட்டுக்கே எழுது. உன் கைக்கு என்ன ஆயிற்று?

உன் அக்கா

*

டார்வின்
22 ஆகஸ்ட் 2025

அக்கா,

நான் இப்போது நிஜமாகவே நலம். நீ ஜுரம் என்றாயே, தேவலையா?

லாங்ரீச், மவுண்ட் ஐசா, டென்னன்ட் கிரீக் என்று பாதி தேசத்தைக் கடந்து வந்தேன். நாள் முழுக்க ஒரே நேர்ச்சாலை. இந்த மண்ணுக்கே சொந்தமான ஒரு பெண்மணி பஸ்ஸில் என் பக்கத்தில் அமர்ந்து எட்டு மணி நேரம் தன் அக்கா தங்கைகளைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தார். பெரியம்மா மகள், சித்தி மகள் எல்லோருமே அவருக்கு அக்கா தங்கைதான். நம் ஊர்க் கணக்கேதான். "உனக்கு?" என்று கேட்டார். தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

கை முறிந்தது. ஜூன் மூன்றாம் தேதி காலை, பனியில் ஏணிப் படி வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டில் இரண்டு எலும்பு. தகடு வைத்துத் தைத்திருக்கிறார்கள். செலவு தோட்டத்து இன்சூரன்ஸில் போய்விட்டது. இப்போது பேனா பிடிக்கிறேன், பார்க்கிறாய் அல்லவா. இங்கே ஹாஸ்டல் வரவேற்பில் உட்கார்ந்த வேலை. அம்மாவிடம் சொல்லவில்லை.

உனக்கு ஏன் யாரும் தெரிவிக்கவில்லை என்று கேட்பாய். ஒவ்வொரு தோட்டத்திலும் சேரும்போது ஒரு தாள் தருவார்கள். ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அதில் எழுத வேண்டும். மில்டூராவில் யோசிக்காமல் உன் பெயரையும் நம்பரையும் எழுதினேன். மண்டபெராவில் சேர்ந்தது உன்னிடமிருந்து போன மறுவாரம். மேல் கட்டிலில் சுஜின் என்று ஒரு கொரியாக்காரி. பழகி இரண்டே நாள். அவள் பெயரை எழுதினேன். அதனால் அவளைத்தான் கூப்பிட்டார்கள். நாலு நாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் இருந்தாள். கூகுளில் பார்த்து எனக்கு ஜடை பின்னிவிட்டாள்.

இதுவரை எழுதியது சுலபம். இனிதான் கஷ்டம். ஆபரேஷனுக்கு முன்னால் நர்ஸ் கேட்டாள், ஆஸ்திரேலியாவில் உனக்குச் சொந்தம் யாராவது உண்டா என்று. யாரும் இல்லை என்றேன். அவள் அதை எழுதிக்கொண்டாள். உனக்கு உறைக்கட்டும் என்றுதான் சொன்னேன், ஆனால் கேட்க நீ அங்கே இல்லை. பிறகு அழுகை வந்தது. வலி என்று நினைத்து ஊசி போட்டாள்.

நீயாவது நாலு பேருக்குப் பயந்து சொன்னாய். நான் யாருக்கும் பயப்படவில்லை. அதனால் இனி என்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதாதே. எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

உன்னிடம் சொல்லாமல் ஆபரேஷன் செய்துகொண்டவள்,
அக்ஷரா

*

ஸ்பிரிங்வேல்
3 செப்டம்பர் 2025

அக்ஷரா,

ஜுரம் போய்விட்டது. மாமாவும் பாப்பாவும் சுகம். உன் மணிக்கட்டு மடங்குகிறதா? குளிரில் தகடு இழுக்குமாம், டார்வினில் குளிர் இல்லை என்பது ஒரு நிம்மதி. சுஜினுடைய முகவரியை அனுப்பு. அவளுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை, இருந்தாலும் எழுத வேண்டும்.

மன்னிப்புக் கேட்காதே என்று சொல்லிவிட்டாய். கேட்கவில்லை. ஆனால் நர்ஸிடம் நீ சொன்னதையும் நான் சொன்னதையும் ஒரே தராசில் வைக்காதே. நான் இல்லை என்று ஆன பிறகுதானே நீ இல்லை என்று சொன்னாய்? பெரியவள் நான். முதலில் சொன்னதும் நான்.

டார்வினுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். போடவில்லை. நீ கூப்பிடாமல் வந்து உன் முன்னால் நிற்க எனக்கு முகம் இல்லை. விசா முடிய நாலு மாதம் இருக்கிறது. வா என்று நீ ஒரு வரி எழுதினால் அன்றைக்கே கிளம்புவேன். எழுதாவிட்டாலும் தப்பு இல்லை.

நேற்று அம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கை முறிந்தது முதலில். பிறகு கோவில். மாஸ்டர்ஸ் பொய், ராதா, அர்ச்சகர் கேட்டது, நான் சொன்னது, நீ விலகிப் போனது, ஒன்றையும் குறைக்கவில்லை. கோத்திரக் கதையையும் சொன்னேன். திட்டுவாள், போனை வைத்துவிடுவாள் என்று காத்திருந்தேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"வருஷப் பொறப்பாச்சே. அன்னிக்குப் புள்ள ஏதாவது சாப்பிட்டாளா?"

எனக்குத் தெரியவில்லை அக்ஷரா. ராத்திரியெல்லாம் யோசித்துப் பார்த்தேன். நீ மில்டூராவிலிருந்து ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் வந்தவள். நீ போன பிறகு நான் ராதாவோடு அன்னதான வரிசையில் நின்றேன். சர்க்கரைப் பொங்கல் நன்றாக இருந்தது, இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டும். நீ அன்றைக்குச் சாப்பிட்டாயா?

ஹரி